லுங்கிக்கு அடியில் காயாத துணி

ஜனவரி 12

ஏம்மா வாயாடி, எப்படி இருக்கே? சாப்பிட்டியா? தலைவலின்னு எழுதியிருந்தியே, விட்டுச்சா? நான் நல்லா இருக்கேன். வாட்ச்மேனும் நல்லா இருக்கான், அவன் நாற்காலிக்குத்தான் ஒரு கால் போச்சு. செங்கல் முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருக்கான். அந்தச் செங்கல் எங்கேர்ந்து வந்துச்சுங்கிறதுக்கு ஒரு கதை இருக்கு. கடைசியில சொல்றேன், ஞாபகப்படுத்து.

போன்ல பேசலாமேன்னு கேட்டே. போன்ல எனக்கு வாய் வராதும்மா. உங்க ஹாஸ்டல்ல வார்டனம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. இங்க வாட்ச்மேன் பக்கத்துலயே நிக்கிறான். அதுக்கு அவங்க ரெண்டு பேருமே பேசிக்கலாம். லெட்டர்னா நான் எழுத்துக் கூட்டி எழுதறதுக்குள்ள யோசிக்க நேரம் கிடைக்குது.

நேத்து அபார்ட்மெண்ட்ல மறுபடியும் அடைப்பு. என்னத்தை எடுத்தேன்னு எழுத மாட்டேன், உனக்கே தெரியும். தண்ணியில ஊறி ஊறித் தலையணை மாதிரி ஆயிடுது. மூணாவது மாடி அம்மா வந்து, "எங்க வீட்டுலேர்ந்து வந்திருக்காதுப்பா"ன்னாங்க. ரெண்டாவது மாடியும் அதையே சொன்னாங்க. முதல் மாடியும் அதையே சொன்னாங்க. மொட்டை மாடி மட்டும்தான் ஒண்ணும் சொல்லல. அங்க தண்ணித் தொட்டிதான் இருக்கு.

வேலை முடிஞ்சு வெளிய வந்தா, பக்கத்துத் தெருவுல அடைப்பு எடுக்கிற ஆள் எதிர்ல வர்றான். நின்னு முழங்கையை நீட்டினான். நானும் நீட்டினேன். எங்க தொழில்ல கை கொடுக்க மாட்டோம்னு உனக்குச் சொல்லியிருக்கேனா? முழங்கையும் முழங்கையும் இடிச்சுக்குவோம். கை எந்த லட்சணத்துல இருக்கும்னு எங்களுக்குத்தானே தெரியும். பார்க்கிறவங்க, நாங்க ரெண்டு பேரும் சண்டைக்கு நிக்கிறோம்னு நினைப்பாங்க. அவன் சின்ன வயசுல ஒரு தடவை

இரு, வாட்ச்மேன் கூப்பிடறான். தபால் பெட்டியத் திறக்கிற நேரமாம். செங்கல் கதை

•

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? கால் வீக்கம் வடிந்ததா? உங்கள் கடிதம் வழக்கம்போலப் பாதியில் நின்றது. செங்கல் கதை என்ன ஆனது? எனக்கு 'வாயாடி' என்று பேர் வைத்துவிட்டு எல்லாவற்றையும் நீங்களே பேசுகிறீர்கள்.

தையல் கம்பெனியில் இப்போது மழைக்கோட்டு வேலை. பகல் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தால் பேசக்கூடத் தோன்றுவதில்லை. தலைவலி இருக்கிறது, பரவாயில்லை.

இங்கேயும் அடைப்புதான் அப்பா. எங்கள் மாடி முழுவதற்கும் மூன்று கழிப்பறைகள். இந்த மாதத்திலேயே இரண்டு முறை தண்ணீர் பொங்கி வராந்தா வரைக்கும் வந்துவிட்டது. வார்டனம்மா எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, "இன்னொரு தடவை அடைச்சுதுன்னா மூணுக்கும் பூட்டுப் போட்டுடுவேன். கீழ முற்றத்துல போய் நில்லுங்க"ன்னு சொல்லிவிட்டார். கீழே இருக்கும் கழிப்பறை கட்டடம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. காலையில் கம்பெனி வேன் யாருக்காகவும் நிற்காது. சாதாரண நாளிலேயே முடியாது, அந்த நாட்களில் எப்படி? நான்தான் மாடி லீடர் என்பதால் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அடைப்பு எடுக்க ஒருவர் வந்தார். கம்பிச் சுருளைத் தோளில் மாட்டியிருந்தார். எங்கள் பெண்கள் அவருக்கு 'ஸ்பிரிங்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கம்பி போகாத இடத்தில் கையை விட்டார். அவர் எடுத்து எடுத்து வெளியே போடப் போட, எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் கைக்கு உறை போட்டுக்கொள்கிறீர்களா?

இப்படிக்கு,
உங்கள் மகள்

•

பிப்ரவரி 16

ஏம்மா வாயாடி, எப்படி இருக்கே? தலைவலிக்குக் கண்ணைக் காட்டினியா? கால் வீக்கம் வடிஞ்சுடுச்சு, இப்ப அடுத்த கால்ல வந்திருக்கு. அதுவும் பாவம், எத்தனை நாள் சும்மா இருக்கும்.

உறையைப் பத்திக் கேட்டே. இருக்கே! செகரட்டரி சார் வாங்கிக் கொடுத்தார். மஞ்சள் கலர், முழங்கை வரைக்கும் வரும். மாட்டிப் பார்த்தா ரெண்டும் இடது கை. கடைக்காரன் ஜோடி மாத்திப் போட்டுட்டான். சார்கிட்ட சொன்னேன். "இன்னொருத்தர் எங்கேயாவது ரெண்டு வலது கையோட உட்கார்ந்திருப்பார், தேடிப் பிடி"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். அது ஆச்சு ஒரு வருஷம். வலது கைக்கு அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், கட்டை விரல் போய் வெளிய நிக்குது, கம்பி பிடிக்க முடியல. அதனால இடது கைக்கு உறை, வலது கைக்குச் சோப்பு.

சிரிச்சாங்கன்னு எழுதியிருந்தே. சிரிக்கட்டும். நாத்தம் அடிச்சா மனுஷன் அழுவான், இல்ல சிரிப்பான்.

உன் லெட்டரைப் படிச்சுட்டு நம்ம அரிசி டின்னைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். உங்க அம்மா போன பிறகு, மெடிக்கல்ல போய் வாங்கி, அவன் கறுப்புக் கவர்ல போட்டுக் கொடுப்பான், கொண்டுவந்து அரிசி டின் மேல வச்சுட்டு வெளிய போயிடுவேன். தீர்ந்துபோச்சுன்னா நீ டின்னைச் சுவரோரமாத் தள்ளி வச்சிருப்பே. ஒருநாளும் நீ கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல. மெடிக்கல்காரன்கூட வாயத் திறக்காம கவரை எடுத்துடுவான். மூணு பேரும் ஊமை. ஒரு தடவை எலி தொல்லைக்குப் பயந்து நானே டின்னைத் தள்ளி வச்சுட்டு, அப்புறம் நீதான் தள்ளினேன்னு நினைச்சு, இருக்கும்போதே இன்னொண்ணு வாங்கியாந்தேன். நீ பார்த்துட்டு ஒண்ணும்

இதோ வர்றேன்யா! கத்தறான்

•

மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் இரண்டு கால்களும் நலமா?

இதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று ஒரு வாரமாக யோசித்தேன். டின்னைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகு, எழுதினால் என்ன என்று தோன்றியது.

நான் கடையில் வாங்கும் நாப்கினை விட்டுவிட்டேன் அப்பா. துவைத்துத் துவைத்துத் திரும்ப வைத்துக்கொள்கிற மாதிரி துணியில் நாங்களே தைக்கிறோம். கம்பெனியில் பனியன் துணியின் வெட்டுத் துண்டுகளை மிஷின் துடைக்கத் தருவார்கள். அதை நாலு மடிப்பாக வைத்து, அடியில் மழைக்கோட்டுத் துணி ஒரு அடுக்கு. இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விட்டு, அதில் அழுத்துப் பொத்தான். பொத்தான் அடிப்பது என் அறையில் இருக்கும் அக்கா. கம்பெனியிலும் அவருக்கு அதே வேலை என்பதால் எல்லோருக்கும் அவர் 'பொத்தான் அக்கா'தான். "ஊருக்கெல்லாம் கோட்டுக்கு அடிச்சேன், இப்ப இதுக்கும் அடிக்கிறேன், எனக்கு ஒரு பட்டம் கொடுங்கடி" என்கிறார். எங்கள் மாடியில் பாதிப் பேர் எடுத்துக்கொண்டார்கள்.

பூட்டுக்குப் பயந்துதான் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அதுவும் உண்மைதான்.

வேலை அதிகம். ஷிப்ட் முடிந்து வந்து, குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, கசக்கி, அலசி, தண்ணீர் தெளியும் வரை மறுபடி அலசி. குழாயில் நின்றுகொண்டே தூங்கிவிடுவேன் போல இருக்கிறது. காயப்போடத்தான் இடம் இல்லை. மொட்டை மாடி பூட்டியிருக்கிறது. எதிர்க் கட்டடத்தில் ஆண்கள் தங்கியிருக்கிறார்கள் என்று வார்டனம்மா விடமாட்டார். அறைக்குள்ளேயே கயிறு கட்டி, துணியைப் போட்டு, மேலே துண்டைப் போட்டு மூடிவிடுகிறோம்.

உறை மாற்றித் தரச் சொல்லி இன்னொரு முறை கேளுங்கள்.

உங்கள் மகள்

•

ஏப்ரல் 21

வாயாடிக்கு. நலமா. நான் நலம்.

எழுத்து கோணலா இருக்கும். பேனா சரியில்ல. வேலையும் ஜாஸ்தி, அதான் லெட்டர் போடல. நல்லாத் தைச்சிருக்கே. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

•

மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்புக்கு என்ன? ஒன்றரை மாதம் கழித்து வந்த கடிதத்தில் வாட்ச்மேன் இல்லை, மூன்றாவது மாடி அம்மா இல்லை, செங்கலும் இல்லை. முழுதாக முடிந்த உங்கள் முதல் கடிதம் இதுதான். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பேனாவுக்கு ஒன்றுமில்லை அப்பா, மை நன்றாகத்தான் இறங்கியிருக்கிறது. கைக்கு என்ன?

இங்கே நிலைமை நன்றாக இல்லை. துண்டுக்கு அடியில் துணி காய்வதே இல்லை. அடுத்த நாளும் ஈரம், அதற்கடுத்த நாளும் ஒரு மாதிரி நமுப்பு. வேறு வழியில்லாமல் அதையே எடுத்து வைத்துக்கொண்டோம். இப்போது அரிப்பு, தடிப்பு. எனக்கும்தான். கம்பெனி நர்ஸ் களிம்பு கொடுத்துவிட்டு, "வெயில்ல காயாத துணியைத் தொடாதே"ன்னு திட்டினார். வெயிலுக்கு எங்கே போவது? காலையில் வேன் ஏறும்போதும் வெயில் இல்லை, வெயில் இருக்கும் இடத்துக்குச் சாவியும் இல்லை.

ஒவ்வொருத்தராகப் பழையபடி நாப்கினுக்குப் போகிறார்கள். "உன் பேச்சைக் கேட்டு ரெண்டு பக்கமும் போச்சு"ன்னு ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். நேற்றிலிருந்து தண்ணீர் மறுபடி மெதுவாக இறங்குகிறது. வார்டனம்மா பூட்டுகளை வாங்கி மேஜை மேல் வைத்திருக்கிறார். பெரிய பூட்டுகள். போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன்.

களைப்பாக இருக்கிறது அப்பா. எதையாவது எழுதுங்கள், நீளமாக எழுதுங்கள்.

உங்கள் மகள்

•

மே 19

ஏம்மா வாயாடி, எப்படி இருக்கே? களிம்பு போட்டியா? பொத்தான் அக்கா எப்படி இருக்கா? அவளுக்கும் போட்டாளா? என்னைப் பத்திக் கவலைப்படாதே. நீளமா எழுதச் சொன்னே, அதனால ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா எழுதறேன். கோணலாத்தான் இருக்கும், பேனாவை மாத்தியும் அப்படித்தான் வருது.

உனக்கு ஒரு லுங்கிக் கதை சொல்றேன். கல்யாணம் ஆன புதுசு. எனக்கு ரெண்டு லுங்கி. ஒண்ணு உடம்புல, ஒண்ணு கயித்துல. சில நாள்ல கயித்துல கிடக்கிற லுங்கியை எடுக்கப் போனா உங்க அம்மா ஓடி வருவா. "எடுக்காதீங்க, காயல"ம்பா. தொட்டுப் பார்த்தா மொறுமொறுன்னு இருக்கும். "காஞ்சுபோச்சே"ம்பேன். "நான் சொல்றேன்ல, காயல"ம்பா. நான் போட்டிருக்கிறதையே மறுநாளும் போட்டுக்கிட்டு வேலைக்குப் போவேன். கூட இருக்கிறவன், "என்ன மாப்பிளை, வீட்டுல துவைச்சுப் போட ஆள் இல்லியா?"ம்பான். ஒருநாள் காத்து பலமா அடிச்சுது. லுங்கி தூக்கிக்கிட்டுப் போச்சு. அப்பத்தான் அடியில கிடந்த துணியைப் பார்த்தேன். லுங்கி காஞ்சிருந்துச்சு. அது காயல.

மறுநாள் நான் மூணாவதா ஒரு லுங்கி வாங்கினேன். "எதுக்குங்க இன்னொண்ணு?"ன்னா. "கயித்துலயே கிடக்கட்டும்"னேன்.  ஆனா அவளுக்கும் அந்த அரிப்பு இருந்துச்சும்மா. எத்தனை லுங்கி வாங்கிப் போட்டாலும் லுங்கி வெயிலை மறைக்கத்தானே செய்யும்.

வெயில்ல போடு. மேல ஒண்ணும் போடாதே.

மொட்டை மாடிச் சாவி உங்க ஸ்பிரிங்கிட்ட ஒண்ணு இருக்கும். காத்துப் போற குழாய் மேல வரைக்கும் போகுது, அதைப் பார்க்க ஏறித்தானே ஆகணும். போய்க் கேளு. எப்படிக் கேட்கணும்னு உனக்கு எழுதியிருக்கேன். அந்த ஆள் புரிஞ்சுக்குவான். ஆனா எல்லாரும் பார்க்கிற இடத்துலன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும், தனியா இருக்கிறப்போ கேளு, உங்க அப்பா என்ன வேலைன்னு அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரியணும்னு ஒண்ணும்

வாட்ச்மேன் வந்துட்டான்

•

ஜூன் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நிஜமாகவே நலம், அரிப்பு குறைந்திருக்கிறது. நீங்கள்?

உங்கள் கடிதம் வந்து பத்து நாளில் அடைத்துக்கொண்டது. மூன்று கழிப்பறையும் ஒன்றாக. வராந்தாவில் செருப்பெல்லாம் மிதந்தது. வார்டனம்மா பூட்டுகளோடு மேலே ஏறி வந்தார். பின்னாலேயே ஸ்பிரிங் அண்ணன் கம்பியோடு வந்தார். பெண்கள் எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் சொன்னதுபோலத் தனியாகக் கேட்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

நான் தண்ணீரில் இறங்கிப் போய் முழங்கையை நீட்டினேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. என் முழங்கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு கம்பியைக் கீழே வைத்துவிட்டு இடித்தார். "யாரு பொண்ணும்மா நீ?" என்றார். "எங்க அப்பாவும் இதே வேலைதாண்ணே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மூக்கிலிருந்து சில கைகள் இறங்கின. பொத்தான் அக்காதான், "அடிப்பாவி, இத்தனை நாள் எங்ககிட்ட தண்ணி போர்டுல வேலைன்னியே"ன்னு கேட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து தண்ணீரில் நின்றுகொண்டார்.

துணி காயப்போட மொட்டை மாடிச் சாவி வேண்டும் என்று ஸ்பிரிங் அண்ணனிடம் கேட்டேன். "அதெல்லாம் முடியாது, பூட்டுதான்" என்றார் வார்டனம்மா. ஸ்பிரிங் அண்ணன் நிதானமாகக் கேட்டார்: "பூட்டுங்கம்மா. இதே சாமானெல்லாம் கீழ போகும். அடைப்பு கீழ வரும். உங்க ரூம் கீழதானே?"

வார்டனம்மா பூட்டுகளைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "காலையில போடணும், சாயந்திரம் எடுக்கணும். எதிர்க் கட்டடத்திலேர்ந்து ஒரு பேச்சு வந்தா சாவி கைமாறும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பூட்டுகளை எடுத்துக்கொண்டுதான் போனார்.

பேச்சு முதல் நாளே வந்தது. எதிர்க் கட்டடத்தில் ஒருவன் ஜன்னலில் நின்று, "என்னக்கா, கடை போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டான். "ஆமா தம்பி, உன் சைஸ் இல்ல, உள்ள போ"ன்னார் பொத்தான் அக்கா. ஜன்னல் மூடியது. இதுவரை திறக்கவில்லை.

மேலே எதுவும் போடவில்லை அப்பா. வேனிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. சாயந்திரம் எடுக்கும்போது சூடாக, மொறுமொறுப்பாக இருக்கிறது. விட்டுப்போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். மீதிப் பேர் வரவில்லை. அவர்களுக்கு மூடி போட்ட வாளி வைத்திருக்கிறோம், சிலர் அதிலும் போடுவதில்லை. துவைக்கும் வேலை ஒன்றும் குறையவில்லை. களைப்பும்தான். ஆனால் தண்ணீர் இறங்குகிறது. அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது அரிசி டின்னை நகர்த்த மாட்டேன்.

ஒன்று. ஸ்பிரிங் அண்ணன் போகும்போது என்னிடம், "உங்க அப்பாவுக்குக் கை எப்படிம்மா இருக்கு? எங்களுக்கெல்லாம் முதல்ல வலது கைதான் போகும்"ன்னு கேட்டார். 

நீங்கள் இப்போது எந்தக் கையால் எழுதுகிறீர்கள்?

உங்கள் மகள்

•

ஜூலை 9

ஏம்மா வாயாடி, எப்படி இருக்கே? உடம்பு எப்படி? அரிப்பு நின்னுச்சான்னு கேட்கலாமா கூடாதான்னு தெரியல, கேட்டுட்டேன். பொத்தான் அக்காவைக் கேட்டேன்னு சொல்லு. ஸ்பிரிங்குக்கு என் முழங்கை ஒண்ணு கொடு.

நீ முழங்கையை நீட்டின இடத்தை மட்டும் வாட்ச்மேனுக்குப் படிச்சுக் காட்டினேன். மத்ததை இல்ல. அவன் எழுந்து போய் டீ வாங்கிட்டு வந்தான். இத்தனை வருஷத்துல அவன் வாங்கிக் கொடுத்த முதல் டீ. சக்கரை இல்ல. ஆனா குடிச்சேன்.

அப்புறம் செங்கல் கதை. அதுல ஒண்ணும் இல்லம்மா. ரோட்டுல கிடந்துச்சு, எடுத்துட்டு வந்தான். அவ்வளவுதான். கதை இருக்குன்னு சொன்னா என்னன்னு கேட்டு மறு லெட்டர் போடுவியேன்னு இழுத்துக்கிட்டே வந்தேன்.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். இடது கையாலதான் எழுதறேன். மார்ச் கடைசியில மூணாவது மாடி லைன் அடைச்சுக்கிச்சு. கம்பி போகல, வலது கையை விட்டேன். அந்த ஊறின தலையணைங்கள்ல ஒண்ணை யாரோ சுருட்டி, உள்ள பழைய ஷேவிங் பிளேடை வச்சு, பேப்பரைச் சுத்தி நூலால கட்டியிருந்தாங்க. நல்ல எண்ணத்துலதான் கட்டியிருப்பாங்க, குப்பை எடுக்கிறவன் கையைக் கிழிக்கக் கூடாதுன்னு. கட்டினவங்க குப்பையில போட மறந்து கக்கூஸ்ல போட்டுட்டாங்க. பேப்பர் ஊறிப்போச்சு, பிளேடு ஊறல. தையல் போட்டிருக்கு. உன் தையல் மாதிரி நேரா இல்ல, கோணல். அப்புறம் சீழ் வச்சுது. ரெண்டு விரல் இப்பவும் மடங்கல. உனக்கு எழுதினா நீ அழுதுக்கிட்டு மிஷின்ல உட்காருவே, ஊசி பக்கத்துல உட்கார்ந்து அழக் கூடாதுன்னுதான் எழுதல. டாக்டர் என்ன சொன்னார்னா, இனிமே அந்தக் கையை அழுக்குத் தண்ணியில விடவே கூடாதாம், விட்டா அந்த ரெண்டு விரலையும்

இரு, கூப்பிடறான். மூணாவது மாடியாம். தண்ணி மேல ஏறி வருதாம். இதை அவன்கிட்டயே கொடுத்துட்டுப் போறேன், தபால்ல போட்டுடுவான். நீ ஒண்ணும் கவலைப்படாதே. இடது கைக்குத்தான் ரெண்டு உறை இருக்கே, ஒண்ணு கிழிஞ்சாலும் இன்னொண்ணு இருக்கு, நான் பாட்டுக்கு இடது கையாலயே